வரிசையில் நின்ற ரத்தம்

ஒனெலியா பர்ரோசோவின் மேல்வரிசை முன்பல் ஒரு கடலை மிட்டாயில் முறிந்தது. மிட்டாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சாந்த லுக்ரேசியா ஊரில் மற்றவர்களுக்கு முன்பல் போனால் சிரிப்பு கெடும். கையால் வாயை மறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஒனெலியாவுக்குப் பிழைப்பே கெட்டுவிடும். ஊரின் சுருட்டு ஆலையில் அவள் வாசிப்பவள். கீழே நீள நீளமான மேசைகளில் முந்நூறு பேர் குனிந்து புகையிலை சுருட்டிக்கொண்டிருக்க, மேலே பலகை மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், மதியத்துக்கு மேல் நாவல் என்று உரக்க வாசிப்பது அவள் வேலை. அந்த நாற்காலியை நிர்வாகம் கொடுப்பதில்லை. சுருட்டுகிறவர்கள் கைதூக்கிக் கொடுப்பது. கைதூக்கிக் கொடுத்ததைக் கைதூக்கியே பிடுங்கிக்கொள்ளவும் அவர்களால் முடியும்.

பல் போன மறுநாள், காற்றை நம்பி நிற்கும் எழுத்துகள் எல்லாம் அந்த ஓட்டை வழியாக விசிலடித்துக்கொண்டு வெளியேறின. முதல் நாள் மொத்த ஆலையும் சிரித்தது. அடுத்த நாள் பாதி ஆலை சிரித்தது. அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆபத்து அதில்தான் இருந்தது.

"உன் மேல கோபமில்லடி ஒனெலியா," என்றாள் எர்மெலிந்தா. முன்வரிசை மேசையில் உட்கார்ந்து சுருட்டுகிறவள். ஆலையில் மற்றவர்கள் மனசுக்குள் நினைப்பதை இவள் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். "ஆனா நேத்து கதாநாயகன் சாகக் கிடக்கறான், நீ விசிலடிக்கற. நாங்க அழுவறதா, ரயிலு வருதுன்னு ஓரமா ஒதுங்கறதா?"

வாசிப்பவளை எடுத்துவிட்டு ஒலிபெருக்கியில் வானொலி போடலாம் என்று நிர்வாகம் வெகுகாலமாகச் சொல்லிவந்தது. நுழைய ஒரு சந்து கிடைக்காமல் இருந்தது. இப்போது ஒனெலியாவின் வாயிலேயே கிடைத்துவிட்டது. புத்தாண்டு கழிந்த முதல் திங்கட்கிழமை கைதூக்கி முடிவு செய்வதென்று அறிவித்தார்கள்: ஒனெலியாவா, வானொலியா.

அதற்குள் ஒரு பல் வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

தெருமுனைப் பல் மருத்துவமனையில் டாக்டர் மாய்லின் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முப்பது வயதுக்காரி, ஆனால் அவளுடைய பெருமூச்சுக்கு அறுபது வயது இருக்கும்.

"வேரோட பிளந்திருக்குக்கா. இது தேறாது."

"அப்ப வேற ஒண்ணு வையி."

"டைட்டானியம் திருகு இறக்கி அதுமேல பல்லு கட்டலாம். திருகு இல்ல. போன வருஷமும் இல்ல. வர்ற வருஷத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லமாட்டேன், நானும் உத்தியோகத்துல இருக்கறவ." மாய்லின் கண்ணாடியைக் கீழ்த்தாடைப் பக்கம் திருப்பினாள். "ஆனா இங்க பாருங்க. கீழ ஒரு பல்லு இடமில்லாம உள்ள தள்ளி நிக்குது. எந்த வேலையும் செய்யாம சும்மா நிக்குது. அதை எடுத்து மேல நட்டுடலாம்."

"புகையிலை நாத்து மாதிரியா?"

"அதே மாதிரிதான். நாத்துக்கு எரு வைக்கறோம்ல, இதுக்கும் ஒண்ணு வெப்போம். புண்ணை ஆத்தற சரக்கு உங்க ரத்தத்துலயே இருக்கு. வளர்ச்சிக் காரணின்னு பேரு. ரத்தத்தை எடுத்து மெஷின்ல சுத்தினா மஞ்சளா, கெட்டித் தயிராட்டம் ஒண்ணு திரண்டு நிக்கும். குழியில அதை வெச்சுப் பல்லை இறக்கினா ஈறு சீக்கிரம் ஆறும், வேர் புது இடத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் மேல பூச்சு பூசி முன்பல்லு சாடைக்குச் செதுக்கிடுவேன்."

"இவ்வளவுதானா?"

"ஒரு காலைப் பொழுது வேலைக்கா. ஆனா எடுத்த ரத்தத்தை அந்த நிமிஷமே சுத்தணும். ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்து சுத்தலாம்னா குழாய்க்குள்ளயே உறைஞ்சு போயிடும். மெஷின் எங்கிட்ட இல்ல. மாகாணத் தலைநகர்ல, நிலையத்துல இருக்கு."

நிலையம் என்று சொல்லும்போது மாய்லின் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒனெலியா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மாகாணப் பல்நடவு வளர்ச்சிக் காரணிகள் நிலையத்தில் ஒரு இயக்குநரும், நான்கு துணை இயக்குநர்களும், துணை இயக்குநர்களைவிட அதிகமான ஆலோசனைக் குழுக்களும், ஒரே ஒரு சுழல் இயந்திரமும் இருந்தன. நோயாளியைச் சாய்த்துவைத்துப் பல் நடும் அறை ஒன்றும் இருந்தது. அதில் ஊர்வலத்துக்கான கொடிக்கம்பங்களை அடுக்கியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு முற்றத்தில் கூட்டம். ஊழியர்கள் வலப்பக்கம், நோயாளிகள் இடப்பக்கம். இயக்குநர் டாக்டர் அர்செனியோ பெர்தோமோ படியேறி நின்றார். அவர் மருத்துவம் படித்தவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். படித்ததை நேரில் பார்த்தவர்கள் இல்லை.

"தோழர்களே! இந்த நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும், நாம நட்ட பல்லுல ஒண்ணுகூட விழுந்ததில்ல!"

கைதட்டல்.

"ஒண்ணுகூட ஆடினதில்ல! வலிக்குதுன்னு ஒரு நோயாளிகூடத் திரும்பி வந்ததில்ல!"

பலத்த கைதட்டல்.

ஒனெலியா பக்கத்தில் நின்ற ஆளிடம் மெல்லக் கேட்டாள்: "இதுவரைக்கும் எத்தனை பல்லு நட்டிருக்காங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலம்மா," என்றார் அவர், தட்டுகிற கையை நிறுத்தாமல்.

கூட்டம் முடிந்ததும் நெரெய்தா என்ற ஆய்வகப் பெண் ஒனெலியாவின் கையில் ஊசி குத்தி, குழாய் நிறைய ரத்தம் எடுத்துக்கொண்டு சுழல் இயந்திரம் இருக்கும் அறைக்கு நடந்தாள். ஒனெலியா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மாகாணத்தில் ஓடுகிற சுழல் இயந்திரம் அது ஒன்றுதான் என்பதால் அறை வாசலில் பாலைப் பரிசோதிக்க வந்த பால்பண்ணைக்காரரும், மூத்திரக் குப்பிகளோடு ஒரு கம்பவுண்டரும், எதை எதையோ வைத்துக்கொண்டு இன்னும் யார் யாரோவும் நின்றிருந்தார்கள்.

நெரெய்தா குழாயை உயர்த்திப் பிடித்து, ரொட்டிக் கடையில் கேட்பதுபோலவே கேட்டாள்: "யாரு கடைசி?"

"நான்தான்," என்றார் பால்காரர். "ஆனா எனக்கு முன்னால ஒரு மண்ணு இருக்கு. வேளாண்மை ஆபீஸ் அம்மா. ரொட்டி வந்திருக்குன்னு கேள்விப்பட்டுப் போயிருக்கு."

"அந்த மண்ணுக்கு முன்னால?"

"மூத்திரம்."

ஒனெலியா நெரெய்தாவின் முழங்கையைப் பிடித்தாள். "கண்ணு, இது உறைஞ்சு போயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாலு செத்த நேரம் பொறுக்கக்கூடாதா?"

"தோழர்," என்றாள் நெரெய்தா, வருத்தம் கலந்த கண்டிப்போடு. "இங்க எல்லாரும் சமம். ரத்தத்துக்கு ஒரு நியாயம், பாலுக்கு ஒரு நியாயம் கிடையாது."

பால்காரர் மட்டும், "நான் விட்டுக் கொடுக்கறேம்மா, ஆனா மண்ணோட சம்மதம் வேணும். அவங்க எனக்கு முன்னால," என்றார். மண் ரொட்டியோடு திரும்பி வந்து, ரொட்டி முன்னைவிடச் சின்னதாகிவிட்டதைப் பற்றி எல்லோருடனும் பேசி முடித்து, தன் முறைக்கு இயந்திரத்தின் மூடியைத் திறந்தபோது மின்சாரம் போய்விட்டது. அது திரும்பி வந்தபோது ஒனெலியாவின் ரத்தம் கொய்யாப்பழக் கட்டியைப்போல இறுகிக் கிடந்தது.

நெரெய்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "உங்க ரத்தத்துக்குப் பொறுமை பத்தல தோழர்."

குழாயின் மேல் ஒனெலியாவின் பெயரை ஒட்டி, அதே மாதிரி இறுகிய குழாய்கள் நிறைந்த ஒரு குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்தாள். நிலையத்தில் எதையும் வீணாக்குவதில்லை.

அடுத்த முறை ஒனெலியா புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாள். விடிகாலை பஸ் பிடித்துப் போய், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அறை வாசலில் நின்று, "யாரு கடைசி?" என்று தானே கேட்டாள். யாரும் வந்திருக்கவில்லை. அவளே முதல். சந்தோஷத்தில் அவளுக்கு விசில் வந்தது.

நெரெய்தா வந்தாள். "இங்க என்ன பண்றீங்க தோழர்?"

"இடம் பிடிச்சிருக்கேன் கண்ணு. நீ இங்கயே ஊசி போட்டு எடுத்து, அப்படியே உள்ள வெச்சுடு."

"இடம் குழாய்க்குத்தான், ஆளுக்கில்ல. உங்க குழாய் எங்க?"

"ரத்தம் இன்னும் என் உடம்புக்குள்ளதானே இருக்கு!"

"அப்ப அது இன்னும் வந்து சேரல. வந்து சேராததுக்கு நான் எப்படி இடம் தர்றது?"

ரத்தம் எடுக்கும் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு பால், ஒரு மூத்திரம், ஏரித் தண்ணீர் ஒரு புட்டி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஏரித் தண்ணீர் மிகவும் தன்மையானவர். ஒனெலியாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். இடத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மூன்றாவது குழாயும் இறுகியபின், இயக்குநர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். துணை இயக்குநர்கள் நால்வரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒனெலியாவுக்கு அதற்குள் கையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. புத்தாண்டுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

"தோழர் பர்ரோசோ," என்றார் பெர்தோமோ, தந்தையைப்போல. "உங்க ரத்தம் மூணு தடவை ஒத்துழைக்க மறுத்திருக்கு. நாங்க குறை சொல்லல. ஆனா நீங்க ஒரு தடவை மனசைத் தொட்டுக் கேட்டுப் பாருங்க, ஏன்னு."

"வரிசையில வெச்சாங்கய்யா. உடனே சுத்தியிருந்தா…"

"உடனே!" இயக்குநர் துணை இயக்குநர்களைப் பார்த்துப் புன்னகைத்தார், நால்வரும் புன்னகைத்தார்கள். "பாருங்க, இதுதான் தனிமனுஷ மனப்பான்மை. வளர்ச்சிங்கறது பல்லு தானா எடுக்கற முடிவு கிடையாது. இவ்வளவு வளர்ச்சின்னு போன வருஷமே திட்டம் போட்டு மேல அனுப்பியாச்சு. ஒதுக்கீடு செப்டம்பரோட முடிஞ்சுது."

"செப்டம்பர் வரைக்கும் யாருக்கும் பல்லு நடலன்னு சொன்னாங்களே?"

"நடல. அதனாலதான் மிச்சம் பிடிச்சோம். மிச்சம் பிடிச்சதுக்குப் பாராட்டு வந்துது. பாராட்டு வந்தப்புறம் மிச்சத்தை எப்படிச் செலவு பண்றது? பாராட்டைத் திருப்பிக் கேட்டுடுவாங்களே."

ஒனெலியாவுக்குத் தலை சுற்றியது. மாகாணத்தில் வரிசை இல்லாமல் சுற்றிய ஒரே பொருள் அதுதான்.

"நான் சுருட்டு ஆலையில வாசிக்கறவய்யா," என்றாள் கடைசியாக. "பல்லு இல்லன்னா அந்த நாற்காலி போயிடும். வேற தொழிலு எனக்குத் தெரியாது."

பெர்தோமோ நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் வாயை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்தது பல்லை அல்ல.

"வாசிக்கறவங்களா? உரக்கவா? மைக் இல்லாம?"

நாட்டின் தலைநகர் ஹவானாவிலிருந்து ஆய்வுக்குழு வருகிற வாரம் அது. கூட்டத்தில் சாதனை அறிக்கையை வாசிக்க வேண்டிய துணை இயக்குநருக்கு, மின்சாரம் போனால் மேடைக்குப் பின்னால்கூடக் கேட்காத குரல். ஒனெலியாவுக்கு அறிக்கையைக் கொடுத்தார்கள். நல்லபடியாக வாசித்தால் அவள் விஷயத்தை உடனே கவனிப்பதாகச் சொன்னார்கள். உடனே என்ற வார்த்தையை இயக்குநரே சொன்னதால் அவள் நம்பினாள்.

ஆய்வுக்குழு முன்வரிசையில் உட்கார்ந்தது. மின்சாரம் போனது. ஒனெலியா மேடையேறி, முதுகை நிமிர்த்தி, வாசிக்க ஆரம்பித்தாள். விசில் இருந்தது; ஆனாலும் முந்நூறு பேர் இரைச்சலுக்கு மேல் வாசித்துப் பழகிய குரல், கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. முன்னுரை, வாழ்த்து, மிச்சம் பிடித்த விவரம். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"நோயாளி ஓ. பர்ரோசோ, சுருட்டு ஆலைத் தொழிலாளி. முறிந்த மேல் முன்பல்லின் இடத்தில் கீழ்த்தாடைப் பல் வெற்றிகரமாக நடப்பட்டது. சொந்த ரத்தத்தின் வளர்ச்சிக் காரணிகளால் ஈறு வியக்கத்தக்க வேகத்தில் ஆறியது. நோயாளி இன்று தெளிவாகப் பேசுகிறார்."

கடைசி வாக்கியத்தில் மூன்று விசில்கள் இருந்தன.

அவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெர்தோமோ, மேலே போகலாம் என்று அன்போடு தலையசைத்தார். வாசிப்பவள் தாளில் இருப்பதை வாசிப்பாள். தன் சொல் ஒன்றைச் சேர்க்கவும் மாட்டாள், பிடிக்காத சொல்லை விழுங்கவும் மாட்டாள். பலகை மேடையில் முதல் நாள் ஏறியபோது முந்நூறு பேருக்கும் அவள் கொடுத்த வாக்கு அது. ஒனெலியா வாசித்து முடித்தாள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

ஆய்வுக்குழுத் தலைவி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினாள். "பாவம், முன்பல்லு இல்லாமயே எவ்வளவு நல்லா வாசிக்கறாங்க! இவங்களுக்கும் ஒண்ணு வெச்சுவிடக்கூடாதா?"

"வெச்சுவிடலாம் தோழர்," என்றார் பெர்தோமோ. "ஆனா இவங்க ஏற்கெனவே குணமானவங்க."

மறுநாள் போய்க் கேட்டபோது நெரெய்தாவும் அதையேதான் சொன்னாள். "குணமானவங்களுக்கு மறுபடி வைத்தியம் பண்ணினா, முதல்ல பண்ணின வைத்தியம் பொய்னு ஆயிடும் தோழர். அப்புறம் உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

ஒனெலியா திரும்பும் பஸ்ஸில் ஊர்வரை நின்றுகொண்டே வந்தாள். காலியாக ஓர் இருக்கை இருந்தது. யார் கடைசி என்று கேட்கவேண்டி வருமோ என்ற பயத்தில் அவள் உட்காரவில்லை.

டாக்டர் மாய்லின் முழுக் கதையையும் கேட்டாள். சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"சனிக்கிழமை காலையில சீக்கிரம் வாங்கக்கா. எங்க வீட்டுல ஒரு ரஷ்ய வாஷிங் மெஷின் இருக்கு. துவைக்கற பக்கம் செத்துப்போச்சு. பிழியற பக்கம் மட்டும் பேய் மாதிரி சுத்தும்."

"என்னைப் பிழியப் போறியா?"

"உங்களை ஏற்கெனவே பிழிஞ்சாச்சு. உங்க ரத்தத்தை மட்டும் சுத்தப்போறேன். மோட்டார்ல ஒரு தட்டு மாட்டி, குழாய் உட்கார நாலு பொந்து போட்டிருக்கேன். கொஞ்ச நாளா தண்ணி ஊத்திச் சோதிச்சேன். அப்புறம் என் ரத்தத்தையே எடுத்துச் சுத்திப் பார்த்தேன். நல்லா வருது. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை நிலையத்துக்குத் துணை இயக்குநரா மாத்திடுவாங்க."

சனிக்கிழமை அந்தத் தெருவில் மின்சாரம் இருந்தது. மாய்லின் வாஷிங் மெஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மருத்துவமனை நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாள். ஊசியை உருவின கையோடு குழாய் பொந்துக்குள் போனது. யாரும் கடைசி யார் என்று கேட்கவில்லை. மெஷின் கட்டடமே அதிரும்படி ஆடியது. அலமாரியில் இருந்த புட்டிகள் எல்லாம் கூடவே ஆடின. நின்றதும் மாய்லின் குழாயைத் தூக்கிக் காட்டினாள். கீழே சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவில் வெளிர்மஞ்சளாக, நடுங்கிக்கொண்டு, தளதளவென்று ஒன்று.

"இதுவா?" என்றாள் ஒனெலியா, மரத்துப்போன வாயால். "இதுக்கா இத்தனை குழு?"

மாய்லின் பிளந்த வேரை எடுத்தாள். கீழே சும்மா நின்ற பல்லை, வேரின் தோல் சிராயாமல் பூப்போல எடுத்தாள். அந்த மஞ்சள் துண்டைக் குழியில் வைத்து, பல்லை இறக்கி, இரண்டு பக்கத்துப் பற்களோடும் மெல்லிய கம்பியால் கட்டினாள். சில வாரம் கஞ்சியும் மசித்த மரவள்ளிக் கிழங்கும். ஆலையில் தொண்டை கட்டியிருக்கிறது என்று விடுப்பு. ஈறு சமர்த்தாக ஆறியது. கம்பியை எடுத்துவிட்டுப் பூச்சு பூசிச் செதுக்கியபோது, கண்ணாடியில் பழைய ஒனெலியா, கொஞ்சம் அகலமான ஒரு பல்லோடு, திரும்பிப் பார்த்தாள். பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுக்கும் வேலையை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மாய்லின்.

புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை, பலகை மேடையேறி அவள் செய்தித்தாளை வாசித்தாள். ஒரு விசில் இல்லை. விளைச்சல் கூடியது, உற்பத்தி உயர்ந்தது, ரொட்டி சீராக வழங்கப்படுகிறது என்று ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக விழுந்தது. ஆலை அமைதியாகக் கேட்டது.

எர்மெலிந்தா புகையிலை நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். "அடிப் பாவி, இப்ப எல்லாம் தெளிவாக் கேக்குதே! முன்னயாவது நமக்குத்தான் காதுல சரியா விழலன்னு மனசைத் தேத்திக்கிட்டோம்."

முந்நூறு பேரும் சிரித்தார்கள். வானொலிக்குக் கைதூக்கச் சொன்னபோது மேலாளரின் கை மட்டும் உயர்ந்தது. அதுவும் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவதுபோல இறங்கிவிட்டது. நாற்காலி ஒனெலியாவுக்கே. மதியம் புது நாவல் ஆரம்பித்தாள்: புயலடிக்கும் ஒரு தீவு, கப்பலோடு மூழ்கிவிட்டதாகச் சொல்லப்படும் ஒரு கேப்டன், அவன் மனைவி, அவள் வீட்டுக் கதவு.

அந்த வாரமே பெர்தோமோ வேர்க்க விறுவிறுக்க ஆலைக்கு ஓடிவந்தார். ஹவானாவிலிருந்து அந்தக் குணமான நோயாளியைப் படமெடுக்க ஆள் வருகிறாராம். படத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி கெஞ்ச வந்திருந்தார்.

"தோழர் பர்ரோசோ, ஒரு சின்ன உதவி. நீங்க சிரிக்காம…"

ஒனெலியா சிரித்தாள். இயக்குநர் பல்லைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் குழாயில் இறுகிய ரத்தம்போல ஆனது. பிறகு, அத்தனை வருட அனுபவம் கைகொடுத்தது.

"அறிக்கையில எழுதினேன்ல," என்றார். "பல்லு எப்படி வந்துது?"

மாய்லின் பெயரைச் சொல்ல முடியாது. ஒனெலியாவுக்கு அலுப்பாக இருந்தது. காலையில் முழுச் செய்தித்தாளையும் வாசித்திருந்தாள். "வந்துடுச்சுன்னு வாசிச்சேன். வந்துடுச்சு," என்றாள்.

நக்கலாகத்தான் சொன்னாள். அவள் செய்த ஒரே தவறு, அதைத் தெளிவாகச் சொன்னது.

மாதம் முடிவதற்குள் நிலையம் புதிய சிகிச்சை முறையை வெளியிட்டது. வளர்ச்சிக் காரணிகளிலேயே சக்தி வாய்ந்தது, குணமாகிவிட்டதாக முன்கூட்டி உரக்க வாசிப்பதுதான் என்று அதில் கண்டறிந்திருந்தார்கள். இனி ஒவ்வொரு நோயாளியும் முதலில் மேடையேறித் தன் குணத்தை வாசிக்க வேண்டும். ரத்தம் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. பெர்தோமோவின் பேச்சில் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்: "தோழர்களே, இவ்வளவு நாளா நாம உண்மையைப் பல்லுக்குள்ள தேடிக்கிட்டிருந்தோம். அது அறிக்கையில இருந்துது!"

நோயாளிகளுக்கு வாசிக்கப் பழக்க ஓர் ஆள் வேண்டும். மாகாணத்திலிருந்து ஆணை வந்தது. சுருட்டு ஆலையின் வாசிப்பவள் ஒனெலியா பர்ரோசோ, அவருடைய ஒப்பற்ற பல்லை முன்னிட்டு, நிலையத்துக்கு நிரந்தரமாக மாற்றப்படுகிறார். அன்று மதியம் நாவலில், புயலில் யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில் அவள் நிறுத்தியிருந்தாள். மறுநாள் அந்தப் பலகை மேடையில் வானொலிப் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள்.

எந்த நாற்காலிக்காகப் பல் வைத்தாளோ, அந்த நாற்காலியை அந்தப் பல்லே வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஒனெலியா அழவில்லை. அழுவதற்கும் ஏதாவது வரிசை இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நிலையத்தின் நீளக் கூடத்தில், பல் போன லாரி ஓட்டிகளையும் ஆசிரியைகளையும் உட்காரவைத்து, "ஈறு வியக்கத்தக்க வேகத்தில் ஆறியது" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். இடைவேளையில் ஒவ்வொருவர் காதிலும் சாந்த லுக்ரேசியாவில் ஒரு தெருமுனையின் பெயரைச் சொன்னாள். "சனிக்கிழமை, சீக்கிரம் போங்க," என்றாள். நிலையத்தின் வெற்றி விகிதம் வாரத்துக்கு வாரம் ஏறியது. பெர்தோமோவுக்கு ஹவானாவிலிருந்து ஒரு கேடயம் வந்தது. பிழிய மெஷின் இல்லாமல் மாய்லின் வீட்டில் ஈரத்துணி காயாமல் தொங்கியது.

ஒரு திங்கட்கிழமை எர்மெலிந்தா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். பின்னால் அவள் மேசைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் அடுத்த மேசைக்காரர்கள். எல்லோரும் கன்னத்தில் கை.

"உனக்கு என்னடி பல்லுல?" என்றாள் ஒனெலியா.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

"விளையாடாத. ஆலையில தேட மாட்டாங்க?"

"டாக்டர்கிட்டப் போறோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம், தேடினா தேடட்டும். அந்தப் பொட்டி கரண்டு போனா ஊமை, கரண்டு வந்தா பொய்." எர்மெலிந்தா முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "கதவைத் தட்டினது யாருடி? கேப்டனா? ராவெல்லாம் தூக்கம் இல்ல எங்களுக்கு."

ஒனெலியா கூடத்தைப் பார்த்தாள். பல் உள்ளவர்களும் இல்லாதவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பையிலிருந்து நாவலை எடுத்து, சாதனை அறிக்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினாள்.

சற்று நேரம் கழித்து அந்தப் பக்கமாக வந்த இயக்குநர், கூடம் நிரம்பி வழிவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "பாருங்க," என்று துணை இயக்குநர்களிடம் தழுதழுத்தார். "எவ்வளவு நோயாளிங்க! இதுதான் வளர்ச்சி."

ஒனெலியா நிமிரவில்லை. கேப்டனின் மனைவி தாழ்ப்பாளில் கையை வைத்திருந்தாள். வெளியே நிற்பது யாரென்று தெரியாமல் அந்தக் கூடத்தில் ஒருவரும் குணமாவதாக இல்லை.